பின்பக்கம் பொட்டு வைத்த கார்

அத்தியாயம் நான்கு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சும்மா வாயால் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை பதுளையில் கோயிலுக்குப் போய், வெற்றிலையில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். பக்கத்தில் நின்ற ஐயர், கை சுடவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். பதினாறு வருடமாக எனக்குச் சர்க்கரை வியாதி. கை கால் நுனிகளில் எதுவும் தெரியாது. அதற்காகச் சத்தியம் சத்தியமில்லை என்று ஆகிவிடாது. சுட்டால்தான் செல்லும் என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை.

முந்தைய மூன்று அத்தியாயங்களைப் படிக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். அவற்றில் லுணுகலையில் ஓர் ஆடு காணாமல் போனது. பிறகு திரும்பி வந்தது. வந்தது வேறு ஆடு என்று நிரூபித்தோம். அந்த ஆட்டுக்கும் இந்த அத்தியாயத்துக்கும் சம்பந்தம் இல்லை.

என் பெயர் வைரவநாதன். வயது எழுபத்திரண்டு. நாற்பது வருடம் பதுளையில் பழைய இங்கிலீஷ் கார்களுக்கு உதிரிப்பாகம் விற்றேன். ஒரே பக்கக் கண்ணாடியை ஒரே ஆளுக்கு நான்கு தடவை விற்றிருக்கிறேன். நான்காவது தடவை அவர் பேரம்கூடப் பேசவில்லை. கடையை மூடியபிறகு நிரஞ்சலா மிஸ்ஸிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். மிஸ்ஸுக்கு நாற்பத்துநான்கு வயது. முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனியில், இடிபட்ட வாகனங்களைப் பார்த்து, சொந்தக்காரன் சொல்வது பொய்யா மெய்யா என்று எழுதிக் கொடுக்கிற வேலை. இப்போது ஒரு பேக்கரியின் மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம். அவர் சிரிக்க மாட்டார். காலை ஏழு மணிக்குப் பாண் வாசனை மேலே வரும்போதும் சிரிக்காமல் இருப்பவரை எதுவும் ஏமாற்ற முடியாது என்று நான் நம்பினேன். நான் அவரை மிஸ் என்பேன். கடை போனபிறகும் அவர் என்னை முதலாளி என்பார்.

அந்த வியாழக்கிழமை நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள். சரஸ்வதி பூசைக்கு ஒரு கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டு முந்தின நாள்தான் பதுளைக்கு வந்திருந்தேன். படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மிஸ் என் காலைப் பார்த்தார்.

“ஒரு செருப்புதான் இருக்கு, முதலாளி.”

குனிந்து பார்த்தேன். உண்மைதான்.

“இருக்குன்னுதான் நெனச்சேன் மிஸ். கால்ல ஒண்ணும் தெரியல.”

மற்றச் செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவள்தான் எங்கள் கட்சிக்காரி. இருபத்தெட்டு வயதிருக்கும். செருப்பை என் காலடியில் வைத்துவிட்டு, இதற்காகவே வந்தவள்போலத் திரும்பிப் போகப் பார்த்தாள். மிஸ்தான் உட்காரச் சொன்னார். பெயர் நிஷாந்தினி. கொஸ்லந்தையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். கீழே சொல்லித் தேத்தண்ணி வரவழைத்தோம். அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குடிக்கவில்லை. கதை முடியும்வரை அது அவள் கையிலேயே ஆறியது.

அவள் சொன்னது இது. அவளுடைய அம்மா மாரியாயி, வெள்ளைக்கல் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். திங்கட்கிழமை பூசை. செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு மாரியாயி பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார், அதாவது ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடத்துக்கு. மூடுபனி. தோட்டத்து ரோட்டின் வளைவில் ஒரு சின்னக் கார் அவரைத் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடுப்பெலும்பு முறிந்து பதுளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். எந்தக் கார், யார் என்று அவருக்கு எதுவும் நினைவில்லை.

அந்தப் பக்கம் சின்னப் பழைய கார் வைத்திருப்பவன் ஒருவன்தான். வெள்ளை ஒஸ்டின் மினி. சுற்றுலா ஊரான எல்ல பக்கம் ஓட்டிப்போய், வெள்ளைக்காரர்களை அதற்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். பெயர் தினேஸ். நிஷாந்தினியின் புருஷன். கல்யாணச் சங்கிலியை விற்று அந்தக் காரை வாங்கினான் என்பதற்காக மாரியாயி இரண்டு வருடமாக மருமகனோடு பேசுவதில்லை. காரைச் சோப்புப் பெட்டி என்பாராம். அந்த வாய்ச்சண்டை தோட்டம் முழுவதற்கும் தெரியும். ஆகவே அவன் வேண்டுமென்றேதான் இடித்தான் என்று லயத்துக்கு லயம், தொழிலாளர் வரிசைவீடு பூராவும், பேசினார்கள். நேற்று மாலை பொலிஸ் அவனைக் கொண்டுபோனது. நாளைக் காலை கோர்ட்.

அவனை வெளியில் எடுக்க நல்ல லோயர் ஒருவரைத் தெரியும் என்றேன். ஒருமுறை அவர், இடித்த லொறி இடிபட்ட மதிலிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை, மதில்தான் கேட்கவேண்டும் என்று வாதாடி வென்றவர். நிஷாந்தினி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. துடைத்துவைத்த தட்டுப்போல இருந்தது.

“வெளிய எடுக்கச் சொல்லல மிஸ்,” என்றாள். “செஞ்சாரா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. நாளைக்கு நான் கோர்ட்டுக்குப் போறதா, ஆஸ்பத்திரிக்குப் போறதான்னு எனக்குத் தெரியணும். காலையில ரெண்டு எடத்துக்கும் போற மாதிரி பஸ் இல்ல.”

தினேஸ் என்ன சொல்கிறார் என்று மிஸ் கேட்டார்.

“இல்லங்கிறாரு. நான் மூஞ்சியப் பாத்தேன். ஒண்ணும் தெரியல. அம்மா மூஞ்சியப் பாத்தேன். அதுலயும் ஒண்ணும் தெரியல. எனக்கு ரெண்டு நாளா எதப் பாத்தாலும் ஒண்ணும் தெரியல.”

கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நிரம்பியபடியே இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது.

*

மிஸ்ஸின் ஒல்ட்டோ காரில் புறப்பட்டோம். முதலில் பொலிஸ் நிலையம். வளவில் பலாமரத்தின் கீழே மினி நின்றது. 1964ஆம் வருடத்துச் சாமான். முன்மூடியில் சந்தனம் அப்பி நடுவில் குங்குமப் பொட்டு, இரண்டு பக்கமும் விபூதிக் கோடு, வாடிய செவ்வந்தி மாலை. இடது முன்விளக்கைச் சுற்றியிருக்கும் வெள்ளி வளையத்தைக் காணவில்லை. அதுதான் பொலிஸின் ஒரே பொருட்சாட்சி. வளையம் சித்திரை மாதமே விழுந்துவிட்டது, வெள்ளைக்காரர் ஒருவர் அதில் காலை வைத்துப் படம் எடுத்தார் என்று தினேஸ் சொன்னானாம். யாரும் நம்பவில்லை. நான் நம்பினேன். வளையம் விழுந்த இடத்தில் நல்ல துரு. இரண்டு நாளில் அப்படித் துருப்பிடிக்க வேண்டுமானால் காரை மீன் கறியில் ஊறப்போட்டிருக்க வேண்டும். இதைச் சொன்னேன். அங்கிருந்த பொலிஸ்காரர் எழுதிக்கொள்ளவில்லை.

கண்ணால் கண்ட சாட்சி ஒருவர் இருக்கிறார், கார் கீழே கொஸ்லந்தைப் பக்கமாக வந்ததை அவர் பார்த்திருக்கிறார், தினேஸ் இருப்பதும் கீழேதான், அதற்குமேல் என்ன வேண்டும் என்றார் அவர். சாட்சியின் பெயர் பெரியாயி.

மலைமேல் மூடுபனி தொடங்கியது. ஹல்துமுல்லைப் பக்கத்து மூடுபனி பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். எண்பத்தேழில் ஒரு பஸ் கண்டக்டர் பயணியை இறக்கிவிட அதற்குள் இறங்கி, தவறி வேறொரு பஸ்ஸில் ஏறி, அதிலேயே பதினொரு வருடம் டிக்கட் கிழித்து ஓய்வு பெற்றார். மிஸ் இதற்கும் சிரிக்கவில்லை. முன்விளக்கைப் போட்டார்.

வளைவில் இறங்கினோம். மேலே போனால் ஹல்துமுல்லை, கீழே போனால் கொஸ்லந்தை. வளைவுக்குக் கீழ்ப்பக்கம் முதல் லயத்தின் வாசலில் பெரியாயி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். வேலையிலிருந்து நின்றவர். எங்களைப் பார்த்ததும், தான் முன்பே பொலிஸுக்குச் சொன்னதாகவும், அவர்கள் சிரித்ததாகவும், இரண்டாம் தடவை சிரிக்கப்பட விருப்பமில்லை என்றும் சொன்னார். மிஸ் பக்கத்தில் குந்தி ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். மூன்றாவது வெங்காயத்தில் பெரியாயி பேசினார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவர் இதே இடத்தில் நின்றார். மேலே வளைவில் தட்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார்.

“காரு மொகம் என்னப் பாத்துச்சும்மா. பொட்டு, மால எல்லாம் எனக்கு நேரா இருந்துச்சு. ஆனா அது எங்கிட்ட வரல. மேல போச்சு.”

“பின்னுக்கு ஓட்டிக்கிட்டுப் போனதா?”

“அப்பிடித்தான் இருக்கணும். ஆனா என்னா வேகம். அப்பிடி யாரும் பின்னுக்கு ஓட்டிப் பாத்ததில்ல. கண்ணு ரெண்டும் செவப்பா எரிஞ்சுச்சு. வாயிலருந்து பொகை வந்துச்சு.”

“பொலிஸ் என்னா சொன்னாங்க?”

“ஆயா, பொட்டு ஒன்னப் பாத்துச்சுன்னா காரு ஒன்னப் பாத்து வந்துச்சுன்னுதான் அர்த்தம், மேடேறி பின்னால யாரும் பறக்க மாட்டான்னாங்க. கீழ வந்துச்சுன்னு எழுதிக்கிட்டாங்க. செவப்புக் கண்ண எழுதல. இங்க உள்ளவங்க முனி வண்டிங்கிறாங்க. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுங்கிறா எம் மருமக.”

பெரியாயி இதையெல்லாம் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இரண்டு நாளாக எல்லோரும் அவருக்கு அவர் கண்டதைத் திருத்திக் கொடுத்ததில், அவருக்கே அதில் அக்கறை போயிருந்தது.

*

வளைவுக்கு மேலே ஒரு தேத்தண்ணிக் கடை. மிஸ் வெறுந்தேத்தண்ணி வாங்கிக்கொண்டு, மேசையில் என் தீப்பெட்டியைக் கார்போல வைத்தார். ஒரு பக்கத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு புள்ளி இட்டார்.

“எல்லாரும் அந்த ஆயாவோட பேச்சத் திருத்துறாங்க, முதலாளி. நாம திருத்தாம வச்சுப் பாப்போம். செவப்பு வெளக்கு ஒரு காருக்கு எங்க இருக்கும்?”

பின்னால் என்றேன்.

“பொகை?”

அதுவும் பின்னால்தான், கார் சுருட்டுக் குடித்தாலொழிய என்றேன்.

“அப்ப ஆயா பாத்தது காரோட முதுகு. கார் ஒழுங்கா நேராத்தான் மேடேறிப் போயிருக்கு. ஆயா சொன்னதுல ஒண்ணும் பிழையில்ல, ஒண்ணே ஒண்ணத் தவிர. பொட்டு இருக்கிற பக்கந்தான் மொகம்னு நெனச்சிட்டாங்க.” தீப்பெட்டியை மெதுவாக என் பக்கமிருந்து தள்ளினார். சுண்ணாம்புப் புள்ளி என்னைப் பார்த்தபடி விலகிப் போனது. “பொலிஸும் அப்பிடித்தான் நெனச்சாங்க. நீங்களும் நானும் அப்பிடித்தான் நெனச்சிருப்போம். பூசையில முதுகுக்குப் பொட்டு வைக்கிறவன் யாரு?”

நான் சுண்ணாம்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பொட்டு எதுக்கு வைக்கிறோம் முதலாளி? எஞ்சினுக்கு. பூசாரி வந்து மொதல்ல எஞ்சின் மூடியத்தான் தேடுவாரு. எஞ்சின் முன்னால இருந்தா முன்னால வைப்பாரு.” என்னைப் பார்த்தார். “பின்னால எஞ்சின் உள்ள சின்னப் பழைய கார், மினி மாதிரி. உண்டா?”

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தொழில் பேசவேண்டியிருக்கிறது. அறுபதுகளில் இங்கிலாந்தில் சாமானியனுக்கென்று இரண்டு சின்னக் கார்கள் ஓடின. ஒன்று மினி, மற்றது ஹில்மன் இம்ப். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. மூடுபனியில் இரண்டும் நடந்து போகிற சோப்புப் பெட்டிகள்தான். மூடியைத் திறந்தால் வேறு. மினிக்கு எஞ்சின் முன்னால், குறுக்காக அடைத்திருக்கும். இம்புக்குப் பின்னால், தூங்குகிறவன்போல ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மினியை முன்சக்கரம் இழுக்கும், இம்பைப் பின்சக்கரம் தள்ளும். மினிக்குப் பத்து அங்குலச் சக்கரம், இட்லித் தட்டுப்போல. இம்புக்குப் பன்னிரண்டு. இம்பின் பின்கண்ணாடி மூடிபோல மேலே திறக்கும். அதன் வழியாக ஒரு கல்யாணப் பெண்ணை இறக்கி நான் பார்த்திருக்கிறேன், கதவு திறக்கவில்லை என்பதால். மினி மழையில் நின்றுவிடும், தண்ணீர் நேரே எஞ்சின்மேல் அடிக்கும். இம்ப் வெயிலில் நின்றுவிடும், கொதித்துப்போகும். ஆகவே ஹல்துமுல்லையில் இம்பும் மொனராகலையில் மினியும் வைத்திருப்பவனே புத்திசாலி. அப்படி ஒருவனை நான் கண்டதில்லை.

இதையெல்லாம் மிஸ்ஸிடம் சொன்னேன். கொஞ்சம் நீட்டித்தான் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

“ஊவா மாகாணத்துல எத்தன இம்ப் ஓடுது, முதலாளி?”

தேத்தண்ணியைக் கையில் எடுத்தேன். சூடா ஆறியதா என்று எனக்குத் தெரியாது, விரலுக்கு எல்லாம் ஒன்றுதான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாற்பது வருடம் தெரியாததைத் தெரியும் என்று சொல்லி வியாபாரம் செய்தவனுக்கு, தெரிந்ததைத் தெரியாது என்பது பெரிய வேலையில்லை. ஆனால் காலையில் அந்தப் பெண் வைத்துவிட்டுப் போன கோப்பை நினைவுக்கு வந்தது. ஆடை கட்டிய தேத்தண்ணி.

“ஒண்ணு,” என்றேன். “வெள்ள. ஹல்துமுல்லையில கணபதிங்கிற ஒருத்தர்கிட்ட நிக்கிது. நான்தான் குடுத்தேன்.”

*

கணபதி தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் இலை வாடவைக்கும் மாடியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பெண்சாதி இல்லை, பிள்ளைகள் இல்லை. என் கூட்டாளி, என் வயதுதான். அவருக்கும் சர்க்கரை. மருந்து எடுக்கும் நாளில் ஒன்றாக வரிசையில் நிற்போம். வீட்டின் பக்கத்தில் தகரக் கொட்டகை. கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது.

வயதான மனிதர், திடீரென்று மிஸ்ஸைக் கண்டால் பயந்துவிடுவார், நான் முதலில் போய்ப் பேசுகிறேன் என்றேன். மிஸ் தலையாட்டினார். உள்ளே ஐந்து நிமிடம் இருந்தேன். அதில் என்ன பேசினோம் என்பது இந்த அத்தியாயத்துக்குத் தேவையில்லை.

நான் வெளியே வந்தபோது மிஸ் கொட்டகையைத் திறந்து உள்ளே நின்றார். இம்ப் கொட்டகைக்குள் மூக்கை நுழைத்தபடி நின்றது. பின்மூடி நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே செவ்வந்தி மாலை. எஞ்சின் சூட்டில் மாலையின் நடுப்பூக்கள் மட்டும் கருகியிருந்தன. முன்மூடியில் ஒரு பொட்டும் இல்லை. இடது முன்மூலையில் கையகல நெளிவு. அதில் ஒரு நூல் சிக்கியிருந்தது, கொழுந்துக் கூடையில் கட்டுகிற சாக்குக் கயிற்றின் நூல்.

கணபதி வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். மிஸ் அவரிடம் காரைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் பொட்டைப் பின்னால் வைத்தீர்கள் என்று கேட்டார்.

“முன்னால ஸ்பெயார் சக்கரந்தாம்மா இருக்கு,” என்றார் கணபதி. “சக்கரத்துக்கா பொட்டு வைப்பாங்க?”

பிறகு எல்லாவற்றையும் அவரே சொன்னார், சாமான் பட்டியல் வாசிப்பதுபோல. பூசைக்கு மறுநாள் விடியற்காலம் காரை ஒரு சுற்று ஓட்டிவருவது வழக்கம். கீழே கொஸ்லந்தைவரை போய்த் திரும்பும்போது வளைவில் ஏதோ தெரிந்தது. காட்டுப்பன்றி என்று நினைத்தாராம். பிரேக்கை அழுத்தினாராம்.

“மிதிச்சேன்னுதான் நெனச்சேன். கால்ல ஒண்ணும் தெரியல.”

மிஸ் வாசற்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மாரியாயிக்கு அடிபட்டது என்று எப்போது தெரியும் என்று கேட்டார். அன்றைக்கே பத்து மணிக்குத் தெரியும் என்றார் கணபதி. பொலிஸ் வரும் என்று காத்திருந்தாராம். வரவில்லை. கார் கீழ்நோக்கித்தான் வந்தது என்று சொன்னார்கள், வேறு ஒருவனைப் பிடித்தார்கள். அப்போது ஏன் பேசவில்லை என்று மிஸ் கேட்டபோது, கணபதி என்னைப் பார்த்தார்.

“பேசணும்னுதான் இருந்துச்சு,” என்றார். “வாயும் கால் மாதிரி ஆயிருச்சு.”

மிஸ்ஸும் திரும்பினார். அவர் பார்த்தது என் முகத்தை அல்ல. என் கால்களை. இரண்டு செருப்பும் இருந்தன, குனிந்து பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

அன்று மாலையே கணபதி எங்களோடு பொலிஸுக்கு வந்தார். பெரியாயியும் வந்து, தான் சொன்னதைச் சொன்னபடியே இன்னொரு தடவை சொன்னார், சிவப்புக் கண், புகை, எல்லாம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அது அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, இரண்டு நாளாக அவர்களுக்குக் கொடுப்பதற்கு மனதில் ஒரு பதில் வைத்திருந்தாராம். கணபதியிடம் லைசன்ஸ் கேட்டார்கள். தொலைந்துபோனது என்றார். இந்த வயதில் எல்லாம் தொலையும் என்று எழுதிக்கொண்டார்கள்.

*

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் தினேஸை விட்டுவிட்டார்கள். கணபதிக்கு அன்றே பிணை கிடைத்தது. வழக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதிக்குப் போனது.

நிஷாந்தினிக்கு மிஸ் முந்தின இரவே போனில் சொல்லியிருந்தார். ‘செய்யல,’ என்ற ஒரு சொல். அவளும் சரி என்றாளாம். அவ்வளவுதான்.

கோர்ட்டுக்கு வந்திருந்தாள். தினேஸ் வெளியே வந்து எதிரில் நின்றான். மெலிந்த உயரமான பையன், இரண்டு நாள் தாடி. அவன் முதலில் கேட்டது அத்தைக்கு எப்படி என்றுதான். இடுப்புக்குக் கீழே உணர்வு இன்னும் வரவில்லை, டொக்டர் வரும் என்கிறார் என்றாள். இரண்டாவதாக அவன் கேட்டது இது:

“நீயும் நான்தான்னு நெனச்சியா?”

“நெனைக்கல,” என்றாள். “இல்லன்னும் நெனைக்கல. என்னால ஒண்ணும் நெனைக்க முடியல.”

மினி இன்னும் பொலிஸ் வளவிலேயே நின்றதால் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனார்கள். நானும் அதே பஸ்ஸில் பின்சீட்டில் இருந்தேன். நிஷாந்தினி ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் தன் பையை வைத்தாள். தினேஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ்ஸில் இடம் நிறைய இருந்தது. அவன் வேறு இடத்தில் உட்காரவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை உட்காரச் சொன்னார். தெமோதரை தாண்டியபிறகு அவள் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இன்னும் இரண்டு வளைவுகள் நின்றான். அதன்பிறகு உட்கார்ந்தான். இறங்கும்போது பையை அவன் வாங்கிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை நான் அலுவலகத்துக்குப் போனபோது மிஸ் கையை நீட்டினார்.

“ஒங்க லைசன்ச குடுங்க, முதலாளி.”

புதுப்பிக்கவா என்று கேட்டேன். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்றேன். அவர் அதை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். சாவியைக் கைப்பையில் வைத்தார்.

“கேஸ் பன்னிரண்டாம் தேதி,” என்றார். “அதுக்குள்ள யோசிச்சு வைங்க.”

எதை யோசிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கீழே பாண் வேகும் வாசனை வந்தது. அவர் சிரிக்கவில்லை.

இன்று பத்தாம் தேதி. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். சத்தியம் செய்த கையில் இப்போது ஒரு கொப்புளம் இருக்கிறது, வலிக்கவில்லை. ஒரே ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது.

கணபதிக்குக் கார் ஓட்டத் தெரியாது.